சம்பள ஏணி

படிப்பு முடியும் தறுவாயில் இருக்கும் மாணவரைக் கண்டால் உறவினர்கள் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்பார்கள். “வேலை கிடைத்ததா?” என்பது முதலாவது. “சம்பளம் எவ்வளவு?” என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடலாம். இரண்டாவது அவ்வளவு எளிதன்று என்பதைச் சென்ற சில வாரங்களில்தான் நான் உணர்ந்தேன். நம் சங்கத்து நண்பர்களில் பலர் என்னைப் போலவே இவ்வாண்டோ அடுத்த ஆண்டோ ஏதேனும் ஓர் அலுவலகத்தின் வாயிலில் நிற்கப் போகிறவர்கள். நான் அறிந்ததை அவர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இரசாயனத்தில் முதுகலை இறுதியாண்டு மாணவி நான். என் கையில் இப்போது இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று மத்திய அரசின் ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து வந்தது. பூனாவில் தொழில்நுட்ப உதவியாளர் வேலை. “ஊதிய அட்டவணை, நிலை 6, ரூ. 35,400 – 1,12,400” என்று அதில் எழுதியிருந்தது. மற்றொன்று ஐதராபாத்தில் உள்ள ஒரு தனியார் மருந்துக் கம்பெனியிலிருந்து வந்தது. “ஆண்டுக்கு மொத்தம் ரூ. 7,20,000” என்று அது கூறிற்று. அதாவது திங்களுக்கு அறுபதாயிரம்.

கும்பகோணத்திலிருந்து மாமா தொலைபேசியில் பேசினார். “அறுபது எங்கே, முப்பத்தைந்து எங்கே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கடிதங்களையும் இரண்டு முறை படித்தார். பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்து, பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். 1989-இல் அவர் தில்லிக்கு வந்து மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தபோது கொடுத்த நியமன உத்தரவு அது. அப்போது அவருக்கு வயது 23. இப்போது எனக்கும் 23.

“இதை முதலில் படி. பிறகு உன் கடிதங்களைப் படி” என்றார்.

ஒரு வரிக்குள் ஒரு வாழ்க்கை

அந்தத் தாளில் சம்பளம் என்ற இடத்துக்கு நேரே இப்படி இருந்தது: 950–20–1150–இ.பி.–25–1500.

விஞ்ஞான மாணவியாகிய எனக்கு முதலில் இது ஏதோ ஒரு கூட்டுப்பொருளின் வாய்பாடு போலத் தோன்றியது. உண்மையில் இதுவும் ஒரு வாய்பாடுதான். 1986-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த நான்காம் சம்பளக் கமிஷனின் விகிதம் அது. அதைப் படிக்கும் முறை இது: தொடக்கம் ரூ. 950. ஆண்டுதோறும் ரூ. 20 கூடும். ரூ. 1,150 ஆனதும் ‘இ.பி.’ என்னும் ஒரு தடை. அதைத் தாண்டினால் ஆண்டுக்கு ரூ. 25 கூடும். ரூ. 1,500 வந்ததும் ஏணி முடிந்துவிடும்.

‘இ.பி.’ என்பது ‘எஃபிஷியன்ஸி பார்’. திறமைத் தடை என்று சொல்லலாம். அந்த இடத்தை அடைந்தவரின் வேலை திருப்திகரமானது என்று மேலதிகாரிகள் ஒப்பினால்தான் அடுத்த உயர்வு கிடைக்கும். ஒப்பாவிட்டால் அங்கேயே நிற்கவேண்டியதுதான். “அந்த இரண்டு எழுத்துக்கள் எத்தனையோ பேருடைய தூக்கத்தைக் கெடுத்தவை” என்றார் அப்பா. அவர் அந்தத் தடையை அடைவதற்குள் ஐந்தாம் கமிஷன் வந்து, அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டது.

நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 950-லிருந்து 1,150-க்கு இருநூறு ரூபாய். இருபது இருபதாக ஏறப் பத்து ஆண்டுகள். 1,150-லிருந்து 1,500-க்கு முந்நூற்றைம்பது ரூபாய். இருபத்தைந்து இருபத்தைந்தாக ஏறப் பதினான்கு ஆண்டுகள். ஆக 24 ஆண்டுகளில் ஏணி தீர்ந்துவிடும். 23 வயதில் சேர்ந்தவர் 47-ஆம் வயதில் உச்சியில் நிற்பார். அன்று ஓய்வு பெறும் வயது 58. பதவி உயர்வு வராவிட்டால், எஞ்சிய 11 ஆண்டுகளுக்கு வழக்கமான ஆண்டு உயர்வு என்பதே இல்லை. பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயதில்தான், பெற்றோர்களுக்கு மருந்துச் செலவு மிகும் காலத்தில்தான், அந்தப் பதினோர் ஆண்டுகள் வரும்.

அந்த ஒற்றை வரிக்குள் இவ்வளவும் அடங்கியிருந்தது. ஆனால் 1989-இல் ஊரில் எல்லாரும் அப்பாவிடம் கேட்டது, “முதல் மாதம் கையில் எவ்வளவு வரும்?” என்பது ஒன்றைத்தான்.

கூட்டலும் பெருக்கலும்

அந்தப் பழைய விகிதத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. 950-க்கு 20 ரூபாய் உயர்வு என்பது நூற்றுக்கு ஏறத்தாழ 2.1. ஆனால் 1,475-க்கு 25 ரூபாய் என்பது நூற்றுக்கு 1.7 தான். அதாவது பணியில் மூத்தவராக ஆக ஆக, உயர்வின் விகிதம் குறைந்துகொண்டே வருகிறது. பள்ளியில் நாம் படித்த கூட்டுத் தொடரின் இயல்பு அது. ஒவ்வொரு படியிலும் ஒரே தொகையைக் கூட்டினால், படி ஏற ஏற அத்தொகையின் மதிப்பு சிறுத்துப்போகும்.

ஸ்ரீகிருஷ்ணா தலைமையில் அமைந்த ஆறாம் கமிஷனின் பரிந்துரைப்படி 2006-ஆம் ஆண்டு முதல் இந்த முறை மாறிற்று. ஆண்டு உயர்வு இத்தனை ரூபாய் என்பது போய், நூற்றுக்கு மூன்று என்று ஆயிற்று. கூட்டுத் தொடர் பெருக்குத் தொடராக மாறியது. வட்டிக்கு வட்டி சேர்வதைப் போன்றது இது. நூற்றுக்கு மூன்று வீதம் வளரும் தொகை சுமார் 24 ஆண்டுகளில் இரு மடங்காகும்.

நீதிபதி அசோக் குமார் மாத்தூர் தலைமையில் அமைந்த ஏழாம் கமிஷன் இதையே இன்னும் தெளிவான ஓர் அட்டவணையாக வரைந்தது. 2016 ஜனவரி முதல் நாளிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அந்த அட்டவணையை ஒரு சதுரங்கப் பலகையாக எண்ணிப் பாருங்கள். குறுக்கே ‘நிலைகள்’, ‘லெவல்’ என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். 1-ஆம் நிலை கடைநிலை ஊழியருடையது. 18-ஆம் நிலை அமைச்சரவைச் செயலாளருடையது. ஒவ்வொரு நிலைக்கும் கீழே வரிசையாகக் கட்டங்கள். ஆண்டுக்கு ஒரு கட்டம் கீழே இறங்குவோம். பெரும்பாலான ஏணிகளில் ஏறினால்தான் உயர்வு. இந்த அட்டவணையிலோ இறங்க இறங்கத்தான் சம்பளம் ஏறும்!

நிலை 6-இன் கட்டங்களைச் சொல்கிறேன்: 35,400, 36,500, 37,600, 38,700, 39,900, 41,100, 42,300, 43,600, 44,900. ஒவ்வொன்றும் முந்தியதைவிட நூற்றுக்கு மூன்று கூடுதல். நூற்றின் மடங்காகச் சரிசெய்யப்பட்டிருக்கிறது. இப்படியே 40 கட்டங்கள் சென்று 1,12,400-இல் முடிகிறது. 23 வயதில் முதற் கட்டத்தில் அமர்பவர் கடைசிக் கட்டத்தை அடைய 39 உயர்வுகள் வேண்டும். அப்போது அவருக்கு வயது 62 ஆகியிருக்கும். ஓய்வு பெறும் வயது இப்போது 60. ஆகவே அவர் ஏணியின் முடிவைக் காணமாட்டார். அப்பாவின் 1989-ஆம் ஆண்டுத் தாளில் 47 வயதில் முடிந்த ஏணி, என் கடிதத்தில் வேலைக்காலம் முழுவதற்கும் போதுமானதாக நீண்டிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிலை 6-இன் ஒன்பதாம் கட்டம் 44,900. நிலை 7-இன் முதற் கட்டமும் 44,900 தான். ஆக, கீழ்நிலையில் எட்டு ஆண்டு உழைத்தவரும் மேல்நிலையில் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே அடிப்படைச் சம்பளம் வாங்குவர். நிலைகள் ஒன்றன்மேல் ஒன்று இப்படி ஓரளவு படிந்திருப்பது பிழையன்று. அனுபவத்துக்கும் ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொள்ளும் முறை அது.

குறுக்கே செல்லும் வழி

கீழே இறங்குவது ஆண்டு உயர்வு. குறுக்கே அடுத்த நிலைக்குச் செல்வது பதவி உயர்வு. அப்பாவுக்கு எழுத்தர் வேலையிலிருந்து மேல்நிலை எழுத்தராக ஒரே ஒரு பதவி உயர்வுதான் கிடைத்தது. மேலே இடம் காலியானால்தானே ஏற முடியும்? ஒரு மேசைக்குப் பின்னால் பத்துப் பேர் காத்திருந்தால், தகுதி எல்லாருக்கும் இருந்தாலும் நாற்காலி ஒருவருக்குத்தானே கிடைக்கும்?

இக்குறையைப் போக்குவதற்காகவே, 10, 20, 30 ஆண்டுப் பணி முடிவில் பதவி உயர்வு இல்லாவிட்டாலும் சம்பளத்தை மட்டும் அடுத்த நிலைக்கு உயர்த்தும் திட்டம் ஒன்று 2008-இல் வந்தது. பெயர்ப்பலகை மாறாது, மேசை மாறாது, சம்பளம் மட்டும் மாறும். அதன்படி அப்பாவுக்கு 2009-இல் ஒரு முறையும், 30 ஆண்டு நிறைந்த 2019-இல் ஒரு முறையும் நிலை உயர்ந்தது.

குறுக்கே செல்லும்போது சம்பளத்தைக் கணக்கிடும் முறையை அப்பாவின் எடுத்துக்காட்டாலேயே விளக்கலாம். 2019-இல் அவர் நிலை 5-இல் ரூ. 46,800 வாங்கிக்கொண்டிருந்தார். முதலில் அதே நிலையில் ஒரு கட்டம் கீழே இறக்குவர், 48,200 ஆகும். பிறகு மேல்நிலையில் அதற்குச் சமமான கட்டத்தைத் தேடுவர். சமமானது இல்லையென்றால் அடுத்த உயர்ந்த கட்டம். நிலை 6-இல் 48,200 இல்லை, 49,000 இருக்கிறது. ஆகவே 49,000. புதிய நிலையின் முதற் கட்டத்திலிருந்து யாரும் மறுபடி தொடங்குவதில்லை. பழைய உழைப்பு வீணாகாமல் கூடவே வருகிறது.

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்தினேன். நிலை 6! முப்பது ஆண்டு உழைத்து அப்பா வந்து சேர்ந்த நிலை அது. என் கடிதம் என்னை முதல் நாளே அமர்த்தப்போவதும் அதே நிலையில்தான். அப்பா இப்போது அதன் 18-ஆம் கட்டத்தில் ரூ. 58,600-இல் இருக்கிறார். 2026-இல் 60 வயது நிறைந்து ஓய்வு பெறுகிறார். எனக்கும் அவருக்கும் இடையில் பதினேழு கட்டங்கள், அவ்வளவே. அவர் கடிதத்தை இரண்டு முறை படித்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “கணக்கை முடி, அம்மா” என்றார்.

அடிப்படி யார் இட்டது?

ஏணியின் முதற் படி, அதாவது நிலை 1-இன் முதற் கட்டம், ரூ. 18,000. இத்தொகை எங்கிருந்து வந்தது? யாரோ நினைத்துக்கொண்டு எழுதியதன்று. அதற்குப் பின்னால் ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சி இருக்கிறது. வாலஸ் ஐக்ராய்டு என்பவர் நம் குன்னூரில் இருந்த உணவாராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக 1935 முதல் 1945 வரை பணியாற்றியவர். ஒரு மனிதன் உடல் நலத்தோடு உழைக்க எவ்வளவு உணவு தேவை என்பதை ஆராய்ந்தவர். அவருடைய அளவுகளை அடிப்படையாகக் கொண்டு, 1957-இல் கூடிய பதினைந்தாம் இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஓர் இலக்கணம் வகுத்தது.

அவ்விலக்கணம் இது: உழைப்பவர் ஓர் அலகு, மனைவி 0.8, குழந்தைகள் இருவரும் ஆளுக்கு 0.6. ஆக மூன்று அலகு. அலகு ஒன்றுக்கு நாளைக்கு 2,700 கலோரி உணவு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. அதற்கு மேல் வீட்டு வாடகை, விறகு, விளக்கு முதலியவை. ஏழாம் கமிஷனும் இம்முறையைப் பின்பற்றியே, விலைகளைக் கணக்கிட்டு, 18,000 என்ற தொகைக்கு வந்தது. மனைவிக்கு ஏன் 0.8 என்று என் தோழிகள் கேட்பார்கள். நானும் கேட்கிறேன். எனினும் சம்பளம் என்பது அரிசியிலும் துணியிலும் தொடங்கவேண்டும் என்ற எண்ணத்தை மறுப்பதற்கில்லை.

சம்பளக் கமிஷன்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள தொடர்பு இதோடு நிற்கவில்லை. 1946-இல் அமைந்த முதற் கமிஷனின் தலைவர், சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சீனிவாச வரதாச்சாரியார். 1994-இல் அமைந்த ஐந்தாம் கமிஷனின் தலைவர் நீதிபதி இரத்தினவேல் பாண்டியன். எட்டாம் கமிஷனும் 2025-இல் அமைக்கப்பட்டுவிட்டது.

இங்கே ஒரு மயக்கத்தையும் நீக்கிவிட வேண்டும். 2016-இல் பழைய சம்பளத்தை 2.57 ஆல் பெருக்கினார்கள். “இரண்டரை மடங்கு ஆக்கிவிட்டார்கள்” என்று பலர் வியந்தனர். சிலர் பொறாமையும் கொண்டனர். ஆனால் அப்போது அகவிலைப்படியே நூற்றுக்கு 125 ஆக இருந்தது. அதாவது ஊழியர் ஏற்கெனவே 2.25 மடங்கு வாங்கிக்கொண்டிருந்தார். 2.57-ஐ 2.25 ஆல் வகுத்துப் பாருங்கள், 1.14 வரும். உண்மையான உயர்வு நூற்றுக்குப் பதினான்கே. மற்றதெல்லாம் ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாற்றியது.

படிமேல் படி

தமிழில் ‘படி’ என்ற சொல்லுக்கு ஏணிப்படி என்றும் பொருள்; சம்பளத்தோடு சேரும் தொகை என்றும் பொருள். முதற் படியைப் பார்த்தோம். இனி இரண்டாவதைப் பார்ப்போம்.

முக்கியமானது அகவிலைப்படி. நம் பாட்டனார் காலத்தில் இதைப் ‘பஞ்சப்படி’ என்றே வழங்கினர். விலைவாசி ஏறும்போது சம்பளத்தின் வலிமை குறையாமல் இருப்பதற்காகத் தருவது. தொழிலாளர் நுகர்பொருள் விலைக் குறியீட்டைக்கொண்டு ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், இதைத் திருத்துகிறார்கள். 2025 ஜூலை முதல் இது நூற்றுக்கு 58 என்று அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கிலேயே என் அரசாங்கக் கடிதத்தை விரித்தேன்.

அடிப்படைச் சம்பளம் 35,400. அகவிலைப்படி 20,532. பூனா போன்ற பெருநகரத்துக்கு வீட்டு வாடகைப்படி நூற்றுக்கு 30 வீதம் 10,620. போக்குவரத்துப்படி 3,600, அதன்மேல் அகவிலைப்படியும் சேர்ந்து 5,688. மொத்தம் ரூ. 72,240. இதில் ஓய்வூதியத்துக்காக நான் செலுத்தவேண்டியது, அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பத்தில் ஒரு பங்கு, 5,593. மருத்துவச் சந்தா போன்ற சிறு பிடித்தங்கள் நீங்கலாக, கையில் வருவது ஏறத்தாழ 66,600.

இப்போது கம்பெனியின் கடிதத்துக்கு வருவோம். திங்களுக்கு 60,000 என்பது நான் பெறும் தொகை அன்று. எனக்காகக் கம்பெனி செலவழிக்கும் தொகை. இரண்டுக்கும் வேற்றுமை உண்டு. கடிதத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அந்த வேற்றுமை அச்சிட்டிருந்தது. அடிப்படைச் சம்பளம் 30,000. கம்பெனி செலுத்தும் சேமநிதிப் பங்கு 3,600. பணிக்கொடைக்காக ஒதுக்குவது 1,443. மருத்துவக் காப்பீடு 1,000. ஆண்டு முடிவில் வேலையை மதிப்பிட்டு, கொடுத்தாலும் கொடுக்கக்கூடிய ‘மாறும் ஊதியம்’ 6,000. இவை நான்கும் சேர்ந்து 12,043. இவற்றைக் கழித்தால் 47,957. அதிலிருந்து என் சேமநிதிப் பங்கு 3,600 போனால் கையில் 44,357.

சேமநிதி என் பணம்தான், வீணாகவில்லை. ஆனால் அரசாங்க வேலையிலும் ஓய்வூதியத்துக்காக அரசு நூற்றுக்கு 14 வீதம் தனியே செலுத்துகிறது. அதை 72,240-இல் சேர்த்து எழுதுவதில்லை. ஒரு கடிதம் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டுகிறது. மற்றொன்று அடித்தளத்தை மட்டும் காட்டுகிறது. மாமா ஒப்பிட்டது கூரையையும் தரையையும்.

மூடிய ஏணி

இதனால் தனியார் வேலை தாழ்ந்தது என்று நான் சொல்வதாக எண்ணவேண்டா. அங்கும் ஏணி உண்டு. அதன் அமைப்பு வேறு.

பெரிய கம்பெனிகளில் முதலில் வேலையை எடைபோடுவர், ஆளையன்று. இந்த வேலைக்கு எவ்வளவு அறிவு வேண்டும், எத்தகைய சிக்கல்களைத் தீர்க்கவேண்டும், தவறு நேர்ந்தால் நட்டம் எவ்வளவு என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் இடுவர். ஏறத்தாழ ஒரே மதிப்பெண் பெறும் வேலைகளை ஒரே ‘கிரேடில்’ சேர்ப்பர். பிறகு வெளியே பிற கம்பெனிகள் அந்த வேலைக்கு என்ன கொடுக்கின்றன என்று விசாரித்து, ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு கீழெல்லை, ஒரு நடுப்புள்ளி, ஒரு மேலெல்லை வகுப்பர். வேலையை நன்கு கற்றுத் தேர்ந்தவருக்கு உரிய சம்பளம் நடுப்புள்ளி. புதியவர் அதற்குக் கீழே தொடங்குவார். நடுப்புள்ளிக்குக் கீழே இருப்பவருக்கு உயர்வு விரைவாக வரும். அதைத் தாண்டியவருக்கு மெதுவாக வரும். மேலெல்லையைத் தொட்டவருக்குக் கிரேடு மாறும் வரை அநேகமாக நின்றுவிடும்.

ஆகவே, ‘7,20,000’ என்ற எண் தனியாக நின்றால் ஒன்றையும் சொல்வதில்லை. அது எந்த எல்லைகளுக்கு நடுவே நிற்கிறது என்று தெரிந்தால்தான் பொருள் உண்டு. அரசாங்கத்தின் அட்டவணை ஊரறிந்தது. அதை யாரும் பார்க்கலாம். கம்பெனியின் எல்லைகள் பெரும்பாலும் அலமாரிக்குள் இருக்கும்.

நான் துணிந்து அந்தக் கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசினேன். “இந்த வேலை எந்தக் கிரேடு? அதன் எல்லைகள் யாவை?” என்று கேட்டேன். பேசிய அம்மையார் முதலில் தயங்கினார். “புதிதாகச் சேர்பவர்கள் இதைக் கேட்பதில்லையே” என்றார். மறுமுறை பணிவாகக் கேட்டதும் சொன்னார். கீழெல்லை ஐந்து இலட்சம். மேலெல்லை ஏழரை இலட்சம். அப்படியானால் நடுப்புள்ளி 6,25,000. நான் நிற்கப்போகும் இடம் மேலெல்லைக்கு முப்பதாயிரம் கீழே! ஐந்தில் நான்கு பங்கு ஏணியை ஏறாமலே ஏறிவிட்டேன் என்று மகிழலாம். இனி ஏறுவதற்கு ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை என்று கவலையும் கொள்ளலாம். அடுத்த கிரேடு எப்போது என்று கேட்டேன். “வேலையைப் பொறுத்தது, இடம் காலியாவதைப் பொறுத்தது” என்றார். அவர் மறைக்கவில்லை, உள்ளதைச் சொன்னார். கேட்டிராவிட்டால் எனக்குத் தெரிந்திராது.

நியாயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தனியார் துறையில் திறமையுள்ள ஒருவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு கிரேடைத் தாண்டிவிடலாம். வேறு கம்பெனிக்குச் சென்று இரண்டைத் தாண்டலாம். அரசாங்க அட்டவணையில் அது நடவாது. அங்கே இரவு பகல் உழைப்பவரும் நாற்காலியைத் தேய்ப்பவரும் ஜூலை பிறந்தால் ஒரே கட்டம்தான் இறங்குவர். “அந்த வருத்தம் எனக்கு உண்டு” என்று அப்பாவே சொன்னார். ஒன்று உறுதியான ஏணி, ஆனால் மெல்ல ஏறுவது. மற்றொன்று விரைந்து ஏறத்தக்கது, ஆனால் சுவரில் எங்கே சாய்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாதது. எதை விரும்புவது என்பது அவரவர் இயல்பு. ஆனால் எதில் ஏறுகிறோம் என்று அறிந்து ஏறவேண்டும்.

மூன்று கேள்விகள்

நண்பர்களே, உங்களுக்கும் ஒரு நாள் இத்தகைய கடிதம் வரும். அப்போது “எவ்வளவு?” என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த ஏணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? நான் அதில் எந்த இடத்தில் நிற்கப்போகிறேன்? ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கும், ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கும் எப்போது, எந்த விதிப்படி செல்வேன்? கேட்பதனால் வேலை போய்விடாது. நமக்கு முன்னே சென்ற தலைமுறையினர் கூச்சத்தால் கேளாமல் விட்டதை நாம் கேட்கலாம்.

நான் பூனாவுக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டேன். ஆய்வுக்கூடத்து வேலை என் மனத்துக்கு உகந்தது என்பது முதற் காரணம். மேற்சொன்ன கணக்கு இரண்டாவது. மாமாவுக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. “கால் காசானாலும் கவர்ன்மெண்ட் காசு என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். நீயுமா?” என்று கேலி செய்கிறார்.

ஜூலை முதல் வாரத்துக்குள் வந்து சேரும்படி கடிதத்தில் இருந்தது. ஜூலை 3-ஆம் நாள் நல்ல நாள் என்று அம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொன்னாள். அப்பா ஒப்பவில்லை. ஜனவரி 2-ஆம் நாளுக்கும் ஜூலை முதல் நாளுக்கும் இடையில் சேர்பவருக்கு முதல் உயர்வு வரும் ஜனவரியிலேயே கிடைக்கும்; ஜூலை 2-ஆம் நாள் சேர்ந்தால் அடுத்த ஆண்டு ஜூலை வரை காத்திருக்கவேண்டும். ஒரு நாள் தாமதத்துக்கு ஆறு மாத உயர்வு போகும். முப்பத்தேழு ஆண்டு அந்த அட்டவணைக்குள் வாழ்ந்தவருக்கு இது பஞ்சாங்கத்தைவிட நன்றாகத் தெரியும்.

ஜூன் 29-ஆம் நாள் இரவு வண்டிக்கு அவரே நேரில் போய் டிக்கெட் வாங்கி வந்தார். எனக்கு ஒன்று, துணைக்கு வரும் தமக்கு ஒன்று. டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த அந்தப் பழுப்புத் தாளை இன்னும் உள்ளே வைக்கவில்லை. என் கடிதத்தோடு சேர்த்து மேசைமேல் வைத்திருக்கிறார்.